தனுஷ்கோடி நடை வழிகாட்டிச் சேவை: ஊற்றிலிருந்து தொடங்கும் ஊர் வரலாறு

தனுஷ்கோடிக்கு வருவோரில் பெரும்பாலோர் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளூர் மீனவர்கள் நடத்தும் இந்தச் சேவையோ, இவ்வெல்லை ஊர் எந்த நீரைக் குடித்து வாழ்ந்தது என்பதிலிருந்து தொடங்குகிறது. வழிகாட்டிய பெரியவர் எங்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, மணலில் ஒரு முழத்துக்குக் குழி தோண்டி, கலங்கல் தெளியும் வரை காத்திருந்து, ஊறிய நீரைச் சிரட்டையில் மொண்டு கொடுத்தார். இருபுறமும் கடல் இருந்தும் அதில் உப்புக் கரிக்கவில்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் தங்கி நிற்பதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கியது பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தது.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், ரயிலில் வந்தவர்கள் இங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி எனத் துறைமுக ஊர் வளர்ந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் பயணிகள் ரயிலையும் அழித்ததை அவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். ரயில் நிலைய இடிபாடுகளை அவசரமாகக் கடந்தது மட்டுமே எனக்குக் குறையாகப்பட்டது. வழியில் நிழலே இல்லாததால் காலையிலேயே செல்வது நல்லது. குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.