இடுப்புக்கு வாதமும் தெரியாது, பித்தமும் தெரியாது

வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகு பார்த்து, மூன்று வகுப்பாகப் பிரித்து இடுப்பு ஆசனங்கள் சொல்லித்தரும் பாளையங்கோட்டை நிலையம் ஒன்று, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறது. பழைய ஆட்களுக்குப் பழைய கட்டணமேதான். "அண்ணாச்சி, நீங்கள் அங்கேதானே போகிறீர்கள், நான் சேரலாமா?" என்று டவுனிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். கோபம் அடங்கியபின் பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். அடங்குவதாகத் தெரியவில்லை.

மூன்று வகுப்பிலும் ஆசனங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பாதங்களைச் சேர்த்து உட்காரும் பத்த கோணாசனம், குந்தி உட்காரும் மாலாசனம், ஒரு காலை முன்னே மடக்கி மறு காலைப் பின்னே நீட்டும் புறா ஆசனம். செய்யும் விதம்தான் மாறும். வாதக்காரர்கள் வெதுவெதுப்பான அறையில், தலையணை முட்டுக்கொடுத்து, மெதுவாக, நெடுநேரம் நிலைக்க வேண்டும். பித்தக்காரர்கள் வெயில் ஏறுவதற்குள், முழுப் பலத்தையும் காட்டாமல் செய்ய வேண்டும். கபக்காரர்களுக்கு நிற்கும் ஆசனங்கள் கூடுதல், வியர்க்கும்வரை விடமாட்டார்கள்.

என் சண்டை ஆசனத்தோடு இல்லை, படிவத்தோடு. சேரும்போது ஒரு கேள்வித்தாளைத் தருகிறார்கள். தோல் வறண்டிருக்கிறதா, தூக்கம் எப்படி, கை கால் குளிர்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். நான் சேர்ந்தது கார்த்திகை மழையில். ஒல்லியான உடம்பு, தூக்கம் சரியில்லை, வயிறு மந்தம். வாதம் என்று முத்திரை விழுந்தது. மறு ஆண்டு அக்னி நட்சத்திர வெயிலில் சந்தாவைப் புதுப்பிக்கப் போனால் மறுபடியும் அதே தாள். எரிச்சல் வருகிறதா, அதிகமாக வியர்க்கிறதா? திருநெல்வேலியில் சித்திரை மாதத்தில் யாருக்கு ஐயா வியர்க்காது? பித்த வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆயுர்வேதத்தில் பிரகிருதி என்னும் உடல்வாகு பிறவியிலேயே அமைவது. அவ்வப்போது ஏறி இறங்குவது விகிருதி. படிவம் கேட்பது இரண்டாவதை, வகுப்பு பிரிப்பது முதலாவதன் பெயரில். அதிலும் கோடையில் உடம்பில் சேருவது வாதம் என்பதும், பித்தம் மிஞ்சுவது மழை ஓய்ந்த சரத் காலத்தில் என்பதும் ஆயுர்வேதக் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்தால் என்னை வாத வகுப்பிலேயே விட்டிருக்க வேண்டும். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிற ஊர் இது. நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். இங்கே வந்து அச்சடித்த தாளை வைத்துத் தேகி, அதாவது இன்னாருக்கு இன்ன உடல்வாகு என்று, சொல்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று உண்டு. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, அதன் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். படிவத்தில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கப வகுப்பில் நல்ல பருமனான ஒருவர், மேலப்பாளையத்துக்காரர், முதல் நாளே மாலாசனத்தில் குதிகால் தரையில் பதிய உட்கார்ந்துவிட்டார். குறுக்குத்துறைப் படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் உட்காருவதுபோல அவ்வளவு சாதாரணமாக. நானோ இன்றுவரை குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்துத்தான் உட்காருகிறேன்.

புறா ஆசனத்தில் பிட்டத்தின் வெளிப்பக்கம் இழுத்தால் அது தசை. பொறுமையாக இருந்தால் நாளடைவில் இளகும். தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் முன்பக்கமாகக் குத்தினால் பெரும்பாலும் மூட்டுக்குள்தான் எதுவோ முட்டுகிறது. அங்கே அழுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. முழங்கால் வலித்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். இடுப்பு திரும்ப மறுக்கும் முறுக்கை முழங்கால் வாங்கிக்கொள்கிறது என்று பொருள். முழங்கால் மடக்கி நீட்டத்தான், திருகுவதற்கு இல்லை. இந்த மூன்றும் எல்லா தேகிக்கும் ஒன்றுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. முழங்கால் பிரச்சினையைச் சொன்னதும் ஆசிரியை புறா ஆசனத்தை நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறு தொடைமேல் போட்டு இழுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். இழுப்பு அதே இடத்தில், முழங்காலுக்குச் சுமை இல்லை. வாத வகுப்பில் சொன்ன எண்ணெய் விஷயமும் வீண்போகவில்லை. வாதத்தின் இருப்பிடங்களில் இடுப்பும் தொடையும் உண்டு என்பது ஆயுர்வேதம். அதனால் நல்லெண்ணெயைச் சூடாக்கி அங்கே தேய்த்துவிட்டுச் செய்யச் சொன்னார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் அதைச் செய்து பார்த்தேன். இன்றுவரை விடவில்லை.

பாய் பற்றியும் ஒரு வார்த்தை. நிலையத்தில் விற்கும் ரப்பர் விரிப்பை வாங்கத் தேவையில்லை. படுத்தும் உட்கார்ந்தும் செய்பவற்றுக்குப் பத்தமடைக் கோரைப்பாய் போதும், வெயில் காலத்தில் சுகமும்கூட. அதன்மேல் நின்று வீரபத்ராசனம் மட்டும் வேண்டாம். பாயோடு நாமும் போய்விடுவோம்.

பலன் என்ன என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். கடைக் கணக்குப் பிள்ளையாக நாற்காலியிலேயே காலம் தள்ளுகிறவன் நான். முன்பெல்லாம் பந்தியில் இலைக்கு முன் சம்மணமிட்டால் சாம்பார் வருவதற்குள் கால் மரத்துப்போகும். போன கொடை விழாவில் அம்மன் கோயில் மணலில் உட்கார்ந்து, கால் மாற்றாமல், நள்ளிரவு தாண்டியும் வில்லுப்பாட்டுக் கேட்டேன். பக்கத்தில் இருந்த மைத்துனர் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தார். எனக்கு அது பெரிய சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: சேர வேண்டாம். பழைய ஆளுக்கு ஒரு விலை, புது ஆளுக்கு ஒரு விலை என்கிற இடத்துக்கு நான் ஆள் அனுப்பமாட்டேன். நான் போவேனா என்று கேட்காதீர்கள், நாளைக் காலை வகுப்பு இருக்கிறது. இதற்கு மேலும் சேரத்தான் போகிறீர்கள் என்றால் வெயில் தணியட்டும், ஐப்பசியில் போய்ப் படிவத்தை நிரப்புங்கள்.