நாயைக் காப்பகத்தில் விடுவோர் கவனத்துக்கு: திரும்பி வந்த 15 மாத்திரைகள்

ஒன்பது நாள் பயணத்துக்கு நாயை அழைத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா என்று நாங்கள் இரண்டு வாரம் யோசித்தோம். யாரிடம் விடுவது என்பதை ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டோம். அந்த அவசரத்தின் பலனை அனுபவித்தது எங்கள் மணி.

மணிக்கு வயது ஏழு. எடை 24 கிலோ. வலிப்பு நோய்க்காக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை அவனுக்குப் பினோபார்பிட்டால் மாத்திரை கொடுக்க வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில்தான் அவனை ஏற்ற முடியும் என்பதாலும், நடுவானில் வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ள அருகில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதாலும், அழைத்துச் செல்ல வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து ஏற்றலாமா என்றும் கேட்டோம். அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பாதிக்கக்கூடும் என்று மறுத்துவிட்டார். ஆகவே விட்டுச் சென்ற முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்த காப்பகத்தில் ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, இரண்டு வேளை நடை, மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆள், தினமும் ஒரு காணொளி என்று உறுதி கூறினார்கள். முன்புற அறைகளை மட்டும் காட்டினார்கள்; இரவில் நாய்கள் எங்கே படுக்கும் என்று நானும் கேட்கவில்லை. தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டியபோது, பார்க்காமலேயே "பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். என் நாயின் அட்டையைப் பார்க்காதவர்கள் மற்ற நாய்களின் அட்டையையும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காணொளிகள் தவறாமல் வந்தன. திரும்பி வந்தபின் ஒன்பதையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான், எல்லாவற்றிலும் தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே அதே வடிவில் ஈரம் இருப்பதையும், கதவின் நிழல் அதே கோணத்தில் விழுவதையும் கவனித்தேன். முதல் நாள் எடுத்த ஒரே காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

அழைத்துவரப் போன அன்று மணி 21 கிலோதான் இருந்தான். ஈரத் தரையிலேயே கிடந்ததால் பாதங்கள் சிவந்து வெந்திருந்தன. காதுக்குள் உண்ணிகள் இருந்தன. வறட்டு இருமலும் தொடங்கியிருந்தது. அது நாய்கள் நெருக்கமாக அடைபடும் இடங்களில் வேகமாகப் பரவும் தொற்று என்றும், அதற்குத் தடுப்பு மருந்து உண்டு என்றும், விடுவதற்குச் சில நாள் முன்பே அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார்.

ஆனால் என்னை உலுக்கியது மாத்திரைக் கணக்குதான். ஒன்பது நாளைக்கு 18, கூடுதலாக நான்கு என 22 மாத்திரைகளை எண்ணிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தவை 15. அவர்கள் தந்த மருந்துப் பட்டியலிலோ 18 கட்டங்களிலும் ஒரே மையில், ஒரே கை சாய்வில் குறியிடப்பட்டிருந்தது. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் அதுவே வலிப்பைத் தூண்டும். வீடு வந்த இரண்டாம் இரவே மணிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வலிப்பு வந்தது. காப்பகத்தாரிடம் கேட்டதற்கு, "புது இடம், அவன் சாப்பிட மறுத்தான்" என்றார்கள். மறுத்திருந்தால் அன்றே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பணத்தையும் திருப்பித் தரவில்லை.

நாயை எங்கேனும் விட எண்ணுவோர் இரவில் அது படுக்கும் இடத்தை நேரில் பாருங்கள். முன்னறிவிப்பின்றி ஒரு முறை போய் நில்லுங்கள். பயணத்துக்கு முன் ஓரிரவு மட்டும் விட்டுப் பாருங்கள். பதிவு செய்து அனுப்பும் காணொளியை நம்பாமல், நீங்கள் நினைத்த நேரத்தில் நேரலையாகக் காட்டச் சொல்லுங்கள். மருந்தை எண்ணிக் கொடுத்து, அந்த எண்ணிக்கையை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தினமும் மருந்து தேவைப்படும் நாயாக இருந்தால், அதற்குப் பழகிய ஒருவரை உங்கள் வீட்டிலேயே தங்கவைப்பது காப்பகத்தைவிட நல்லது என்பது என் கருத்து.

மணியின் இருமல் மூன்று வாரத்தில் நின்றது. இரத்தத்தில் மருந்தின் அளவு சென்ற வாரப் பரிசோதனையில்தான் பழைய நிலைக்கு வந்திருக்கிறது.