தனித்தனி வட்டுகளா, பொதுச் சேமிப்பகமா?

ஒவ்வொரு சர்வரும் தன் தரவைத் தன்னுள் உள்ள வட்டுகளிலேயே வைத்துக்கொள்ளும் முறையில், கணக்குப் பிரிவின் சர்வர் இடமின்றித் திணறும்போது பக்கத்திலுள்ள மின்னஞ்சல் சர்வரில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும், அதை எளிதில் இரவல் பெற முடியாது. எல்லாச் சர்வர்களும் நெட்வொர்க் வழியாக ஒரே சேமிப்பகத்தைப் பகிரும் முறையிலோ, காலியிடம் பொதுத் தொகுப்பாக இருப்பதால், வேண்டிய சர்வருக்கு வேண்டிய அளவை, பெரும்பாலும் அதை நிறுத்தாமலேயே, ஒதுக்கித் தரலாம்.

பேக்கப்பில் வேறுபாடு இன்னும் ஆழமானது. தனித்தனி வட்டுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை, தனிக் கண்காணிப்பு. ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது பெரும்பாலும் மீட்டெடுக்க வேண்டிய நாளில்தான் தெரியவரும். பொதுச் சேமிப்பகத்தில் ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவுகளை, ஒரே இடத்திலிருந்து எடுக்கலாம் (அவை மட்டுமே பேக்கப் ஆகிவிடா). மேலும், ஒரு சர்வர் பழுதடைந்தாலும் தரவு அதற்கு வெளியே இருப்பதால், அதில் ஓடிய மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் ஒரு சர்வருக்குள் உருவாக்கப்படும் தனித்தனிக் கணினிகளை) வேறொரு சர்வரில் விரைவாக இயக்கிவிடலாம்.

ஆனால் அந்தப் பொதுச் சேமிப்பகமே நின்றுவிட்டால் அனைத்தும் நிற்கும். எனவே சேமிப்பகத்தை இயக்கும் இரட்டைக் கன்ட்ரோலர்களும் இரண்டு நெட்வொர்க் பாதைகளும் வேறிடத்தில் ஒரு பிரதியும் இல்லாமல் இம்முறைக்கு மாறுவது ஆபத்தானது. வேகத்தில், சர்வருக்குள்ளேயே பொருத்திய என்விஎம்இ (NVMe) எனும் அதிவேக ஃபிளாஷ் வட்டு பொதுவாக முந்தும். இரண்டே சர்வர்கள் கொண்ட நிறுவனத்துக்குப் பொதுச் சேமிப்பகம் பெரும்பாலும் வீண்செலவு என்றே கருதுகிறேன்.