ரோந்து வாகனக் கதவுகளுக்கான குண்டு தடுப்புத் தகடு: ஒரு மதிப்பீடு

சாதாரணக் கார் கதவு என்பது மெல்லிய எஃகுத் தகடும் நடுவே பெரும்பாலும் வெற்றிடமும்தான். கைத்துப்பாக்கிக் குண்டுகூட அதை எளிதில் துளைத்துவிடும் என்பதால், கதவுக்குப் பின்னே ஒதுங்கும் காவலருக்கு அது மறைவைத் தருமே தவிரக் காப்பைத் தராது. அரசு மானியத்தில் வாங்கி எங்கள் ரோந்து வாகனங்களின் முன்கதவுகளுக்குள் பொருத்திய தகடு அந்தக் குறையைத் தீர்க்கிறது. வாகனப் பராமரிப்பைக் கவனிப்பவன் என்ற முறையில், பொருளைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை.

இந்தத் தகடு, அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் (என்.ஐ.ஜே.) குண்டு தடுப்புப் பொருள்களுக்கு வகுத்த 0108.01 தர விதியின் மூன்றாம் நிலையைச் சேர்ந்தது, 7.62 மி.மீ. ரைபிள் குண்டைத் தாங்கும். அதற்குக் கீழுள்ள 'மூன்று-ஏ' கைத்துப்பாக்கி அளவோடு நின்றுவிடுகிறது. பெயரில் மூன்று இருக்கிறதே என்று விலை மலிவான அதை வாங்குவது, ரைபிள் ஏந்தியவன் முன்னே காவலரை ஏமாற்றி நிறுத்துவதற்குச் சமம். கவசத்தைத் துளைக்கும் குண்டுக்கு நான்காம் நிலை வேண்டும். ஆனால் எடையும் விலையும் ஏறும்.

பொருத்தும் வேலையில்தான் கவனம் தேவை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியும், பல வாகனங்களில் பக்கவாட்டுக் காற்றுப்பைக்கான உணரியும் அதே கதவுக்குள் இருப்பதால், அவசரமாகத் திணித்தால் ஒரு பாதுகாப்பைப் பெற்று இன்னொன்றை இழக்க நேரும். கூடுதல் எடையால் கீல்கள் விரைவில் தேய்கின்றன.

மானிய விதிகளில்தான் எனக்குக் குறை. எங்களுக்குக் கிடைத்த தொகை வாங்குவதற்கும் முதல்முறை பொருத்துவதற்கும் மட்டுமே. கீல் மாற்றும் செலவும், வாகனம் கழிக்கப்படும்போது தகட்டைக் கழற்றி அடுத்த வாகனத்தில் பூட்டும் செலவும் நிலையத்தின் தலையிலேயே விழுகின்றன. மேலும், தகடு சன்னல் விளிம்போடு முடிந்துவிடுவதால் தலையும் கழுத்தும் திறந்தே கிடக்கின்றன. குண்டு துளைக்காத கண்ணாடிக்கு அந்த மானியத்தில் இடமில்லை. இருந்தாலும் அதை யோசித்தே கேட்க வேண்டும். கண்ணாடியும் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கும் அடுக்கிய அது கனமானது, ஆண்டுகள் செல்லச் செல்ல அடுக்குகள் பிரிந்து பார்வை மங்கவும் கூடும்.

அடுத்து விண்ணப்பிக்கும் நிலையங்கள், உத்தரவாதக் காலம் வாகனத்தின் பணிக்காலத்துக்குக் குறையாத தகட்டைத் தேர்ந்து, சோதனைச் சான்றைக் கேட்டுப் பெற்று, மறுபொருத்தச் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.