அலகுக்கு நூறு, முடிச்சுக்கு முட்டை

கயிற்றை இழுத்து மரக்கொப்பு வெட்டுகிற நீளக்கம்புக் கத்தரிக்குக் கொழும்புப் பழைய சோனகத் தெருவில் விலை இறங்கியிருக்கிறதாம். தெகிவளையிலிருந்து மச்சான் படம் அனுப்பி, "உங்களிட்ட இருக்கிறதும் இதுதானே, வாங்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார். ஃபோனில் கதைக்க வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும், எழுத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் வளவில் நிற்பது ஒரேயொரு கறுத்தக்கொழும்பான் மாமரம். அதன் கொப்புகள் பக்கத்து வீட்டுக் கூரைச் சீற்றின் மேல் படுத்துக்கொள்ளும். காய் பறித்து முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும், பிந்தினால் அடுத்த பூ பிடிக்கிற துளிர் முற்றாது. கொழும்பு மழைக்கு உள்ளே காற்றுப் போகாமல் அடைந்து கிடந்தால் காயில் கரும்புள்ளி விழும். முன்பு கொக்கத்தடியில் கத்தியைக் கட்டி இழுப்போம். கொப்பு அறாது, பட்டைதான் கிழியும். இந்தக் கத்தரி அப்படியில்லை. கொக்கியைக் கொப்பில் மாட்டியதும் கம்பின் பாரம் கொப்புக்குப் போய்விடும், கை கயிற்றுக்கு மட்டும்தான். பெருவிரல் தடிப்புள்ள கொப்பு ஒரே இழுவையில் அறும், வெட்டுவாய் மழமழவென்று இருக்கும். மாம்பால் காய்ந்து பிடித்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். எப்போதாவது ஒருமுறை கல்லில் தீட்டுவேன். அலகு இன்னும் வாங்கிய நாள்போலத்தான். கம்பும் ஃபைபர்கிளாஸ், வளையவில்லை.

இனி அந்த முடிச்சு.

கயிற்றின் மேல் நுனியைத் தலைப்பகுதியின் தகட்டில் உள்ள ஒரு துளையில் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து மேலே போய், அலகை மூடுகிற நெம்புகையில் (நெம்புகோல்) உள்ள கப்பியைச் சுற்றிக் கீழே நம் கைக்கு வருகிறது. கப்பி நெம்புகையோடு சேர்ந்து அசைவதால் நாம் இழுப்பது அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழுவதும் தொங்குவது அந்த ஒற்றைத் துளையில். அதில் என்ன செய்திருக்கிறார்கள்? நைலோன் கயிற்றை நுழைத்து, மறுபுறம் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, நுனியை நெருப்பில் உருக்கி விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

நாம் இழுக்கும்போது முடிச்சு இறுகும். விட்டதும் ஸ்பிரிங் அலகைத் திறக்கும், கயிறு தொய்யும். ஒவ்வொரு வெட்டுக்கும் இறுக்கம், தொய்வு, ஒரு உதறல். வழுவழுப்பான நைலோனில் இந்த உதறலுக்கு முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். நைலோன் தண்ணீரும் குடிக்கும். நனைந்தால் இன்னும் இழுபடும், பலம் 10 முதல் 15 வீதம் குறையும். சாதாரண முடிச்சே கயிற்றின் பலத்தைப் பாதிவரை தின்றுவிடும் என்பது வேறு. துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் தகடு வெட்டிய பிசிர் அப்படியே இருக்கிறது. முடிச்சு கழராவிட்டால் அந்தப் பிசிர் கயிற்றை அறுக்கும். இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி.

எனக்கு முடிச்சு முந்தியது. அலகு பாதிக் கொப்பில் கடித்தபடி நிற்க, கயிறு முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. கம்பு மரத்தில் தொங்குகிறது, திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அந்தக் கொப்புக்கு அப்பால் தெருக் கம்பி, 230 வோல்ட். நல்லவேளை எட்டத்தில். (ஃபைபர்கிளாஸ் கம்பு என்று கம்பிக்குக் கிட்டே நீட்டிவிடாதேங்கோ. ஈரமான கம்பும் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும், தலையோ இரும்பு.) ஏணி வைத்து, கை அரிவாளால் கொப்பை அறுத்துத்தான் இறக்கினோம்.

வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால், நின்ற தம்பி லைட்டரை எடுத்து நுனியைச் சுட்டு, அதே முடிச்சை அதே துளையில் போட்டு, "இனிக் கழராது அண்ணை" என்றார். அடுத்த மழைக்குக் கழன்றது.

கடைசியில் மோதரை மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணைதான் வழி காட்டினார். வட்ட அரத்தால் துளையின் இரு வாயையும் உருட்டினோம். பக்கத்தில் இன்னொரு துளை போட்டோம். கயிறு இப்போது ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வந்து, தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் முடிச்சு. இழுவையில் பெரும்பங்கை அந்த வளைவுகளில் உள்ள உராய்வே பிடித்துக்கொள்கிறது, முடிச்சுக்கு மிச்சம்தான் போகிறது. முடிச்சும் எட்டு வடிவில் போடுவது, நுனி ஒரு சாண் விட்டு. கயிற்றைப் பின்னிய பொலியெஸ்டருக்கு மாற்றினோம், அது நனைந்தாலும் அதிகம் இழுபடாது. அதற்குப் பிறகு ஒரு தொல்லையுமில்லை.

கீழ் நுனியில் மரக்குச்சிப் பிடி போட்டது கெட்டித்தனம், அதையும் சொல்ல வேண்டும். கையில் சுற்றிக்கொள்ள வேண்டியதில்லை, கொப்பு விழும்போது சட்டென்று விட்டுவிடலாம். கீழே இவ்வளவு யோசித்தவர்களுக்கு மேலே என்ன வந்தது? கயிறு பலவீனமாக இருந்தால் தலைப்பகுதி தப்பும் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். சரி, அளவுக்கு மிஞ்சி இழுத்து அறுந்தால் அது நியாயம். விரலளவு கொப்புக்கே அவிழ்ந்து விழுவதற்குப் பெயர் நியாயமா? இரண்டாவது துளைக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு தேத்தண்ணிக் காசு வருமோ தெரியாது.

ஆகவே மச்சான், வாங்காதேங்கோ. இவ்வளவு நல்ல அலகைச் செய்துவிட்டு முடிச்சில் சோம்பல் பட்டவர்களுக்கு விலை இறங்கினாலும் காசு கொடுக்க மனமில்லை. உங்கள் முருங்கைக்கு என்னுடையதைக் கொண்டுபோகலாம், ஞாயிறு வாருங்கோ. வருகிற வழியில் அந்தக் கடையில் அலகுப் பகுதி தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கோ. விற்றால் எனக்கு ஒன்று.