டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ பாக்கெட்: காப்பர் ஊத்துன மண்ணுலயும் வந்துச்சு

மாடித்தோட்டத்துக்கு இத வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, இப்பதான் எழுத நேரம் கெடச்சுது. நாத்து அழுகல் நோய்ப் பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சைதான் இந்த விரிடி, டால்க் பவுடர்ல கலந்து வருது, 180 ரூபா. உரக்கடைல முதல்ல குடுத்த பாக்கெட்ல தேதி பாத்தா பத்து மாசப் பழசு, அண்ணே இதுல உசுரே இருக்காதேன்னு சொன்னதும் முணுமுணுத்துக்கிட்டே உள்ள போய் புதுசு எடுத்துட்டு வந்தாரு. இது உசுருள்ள பூஞ்சை, டால்க்ல இருக்கிறது நாலஞ்சு மாசம் தாண்டிடுச்சுன்னா வாங்காதீங்க.

என் கூத்து என்னன்னா, தக்காளி நாத்து அடி கருத்து சாஞ்சு விழுதேன்னு அதுக்கு முந்தின வாரம்தான் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலக்கி நாலு பைல ஊத்தியிருந்தேன். பூஞ்சையக் கொல்ற மருந்து ஊத்துன மண்ணுல பூஞ்சையையே கொண்டு போய்ப் போட்டா காசு தண்டம்தானேன்னு வீட்டுல ஒரே கிண்டல். சரி பாத்துடுவோம்னு விரிடிய தொழு உரத்துல கலந்து எல்லாப் பைலயும் போட்டு, வெல்லத் தண்ணி தெளிச்சு ஈரச் சாக்கால மூடி வச்சேன்.

மருந்து படாத பைல அஞ்சாம் நாளே பச்சை படர்ந்துடுச்சு. காப்பர் ஊத்துன பைல பன்னெண்டு நாள் ஆச்சு, முதல்ல வெள்ளையா நூல் நூலா வந்து அப்புறம் ஓரத்துல மட்டும் பச்சை. வேற ஏதாவது பூசணமா இருக்குமோன்னு மோந்து பாத்தேன், லேசா தேங்கா வாசன அடிச்சுது. விரிடிக்கு அந்த வாசன உண்டு.

எப்படித் தாங்குச்சுன்னா, மண்ணுல இருக்கிற மக்கே பாதி காப்பரப் பிடிச்சு வச்சுக்கும். மீதிய பூஞ்சை அதோட செல் சுவர்லயே, வேண்டாத விருந்தாளிய திண்ணையோட உக்கார வச்சு அனுப்புற மாதிரி நிறுத்திடும். தப்பிச்சு உள்ள நுழைஞ்சத மெட்டலோதயோனின்னு கந்தகம் நெறஞ்ச ஒரு சின்னப் புரோட்டீன் கட்டிப்போடும், இல்லாட்டி செல்லுக்குள்ள இருக்கிற வாக்குவோல்ங்கிற பைக்குள்ள அடைச்சிடும், அதுவும் முடியலன்னா பம்ப் மாதிரி ஒரு புரோட்டீன் வெளிய தள்ளிடும். காப்பர் பூஞ்சைக்கும் துளி வேணும், அளவு மீறுனாதான் விஷம். மரத்த உளுக்க வைக்கிற சில பூஞ்சை இன்னும் கில்லாடி, ஆக்ஸாலிக் ஆசிட் விட்டு காப்பரக் கரையாத உப்பா மாத்திடும், அதனால காப்பர் மருந்து ஏத்துன பலகையும் சில நேரம் உளுத்துப்போகுது. பிரான்ஸ்ல 1885 வாக்குல மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை திராட்சைக்கு வந்துச்சு, அப்படி அடிச்சு அடிச்சு ஒயின் ஈஸ்ட்ல (அதுவும் ஒரு பூஞ்சைதான்) பல ரகம் அந்த மெட்டலோதயோனின் ஜீனையே பல காப்பி வச்சுக்கிட்டு இருக்கு.

அதுக்காக ரெண்டையும் ஒரே வாளில கலக்கிடாதீங்க, என் பைல வந்தது அர மனசாதான் வந்துச்சு. அதுவுமில்லாம காப்பர் மக்கி மறையுற சரக்கு இல்ல, ஊத்த ஊத்த மண்ணுலயே சேரும். நான் இப்ப வெதைலயே கிலோவுக்கு 4 கிராம் கணக்குல விரிடி கலந்துடுறேன் (நம்ம வெதைக்கு ஒரு சிட்டிகை போதும்), காப்பர் டப்பாவத் தொடவே இல்ல, நாத்து இதுவரைக்கும் ரெண்டுதான் சாஞ்சுது.

ஒரு ஸ்டார் குறைச்சது லேபிளுக்கு. ரசாயன மருந்தோட கலக்கக்கூடாதுன்னு எறும்பு எழுத்துல இங்கிலீஷ்ல மட்டும் போட்டிருக்கான், தமிழ்ல ஒரு வரி இல்ல. பாக்கெட்டப் பிரிக்கும்போது தூசி கெளம்பி மூக்குல ஏறுது, முகத்துல துணி கட்டிக்கோங்க.