பாங்காக் மொட்டைமாடி பார் சுற்று: காசு எங்கே போகிறது?

வழிகாட்டியோடு போகும் இந்த மாலைச் சுற்றில் உருப்படியான பகுதி முதல் ஒரு மணி நேரம்தான். ஸ்டேட் டவரின் 63வது மாடியில் உள்ள ஸ்கை பாரில் வட்ட மேடையின் விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். கீழே சாவ் ப்ரயா ஆறு வளைந்து போகும். நாற்காலி கிடையாது, நின்றுதான் குடிக்க வேண்டும். ஐந்தரைக்குள் மேலே போய்விட்டால் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். பிந்தினால் கண்ணில் படுவது முன்னால் நிற்பவர் முதுகுதான்.

அரைக்கால் சட்டை, செருப்பு போட்ட ஆண்களை லிஃப்ட் அருகிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 7% வரியும் தனி: 500 பாட் (தாய்லாந்து நாணயம்) என்பது 588.50 ஆகும். சுற்றுக் கட்டணத்தில் எத்தனை கிளாஸ் அடக்கம் என்று முன்பே கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றுதான்.

மே முதல் அக்டோபர் வரை மழை. இடி இடித்தால் திறந்த மாடியைக் காலி செய்துவிடுவார்கள். பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.

பாட்டுக்கு விக்டரி மான்யுமெண்ட் பக்கம் உள்ள சாக்ஸஃபோன் பப். 1987 முதல் ஜாஸ், ப்ளூஸ். வேனில் கூட்டிப்போனால் நெரிசலில் மாட்டுவீர்கள். சபான் தக்ஸின் நிலையத்தில் ஸ்கைட்ரெயின் (மேம்பால ரயில்) ஏறி சியாம் நிலையத்தில் மாறுவதே மேல். மேடைக்கு ஒட்டிய மேசை வேண்டாம், பேச்சே கேட்காது.